வளன் என்னும் பெயர்



இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய புனித சூசையப்பருக்குத் தமிழில் நான்கு பெயர்கள் வழங்குகின்றன. சூசை, யோசேப்பு, ஜோசப், வளன் என்பன அவை. போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது சூசை. விவிலிய மொழிபெயர்ப்பின் வழி வந்தது யோசேப்பு. ஆங்கிலத்தின் வழி வந்தது ஜோசப். இம்மூன்றும் ஒரே எபிரேயப் பெயரின் ஒலித்திரிபுகள். வளன் மட்டும் ஒலியை விட்டுப் பொருளைப் பற்றிப் பிறந்த தமிழ்ப்பெயர். நால்வகைப் பெயரிலும் இன்று அருகியே காணப்படுவதும் இதுவே.

முதலில் எபிரேயப் பொருளைக் காண்போம். நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய ராகேல், முதல் மகன் பிறந்ததும், கடவுள் இன்னுமொரு மகனைக் கூட்டித் தரவேண்டும் என்ற விருப்பத்தால் அவனுக்கு யோசேப்பு என்று பெயரிட்டதாகத் தொடக்க நூல் (30:24) கூறுகிறது. எனவே அப்பெயருக்குக் கூட்டுதல், பெருக்குதல் என்பது பொருள். பின்னர் யாக்கோபு தம் மக்களுக்கு ஆசி வழங்கும்போது, இந்த யோசேப்பை நீரூற்றருகே காய்த்து மதில்மேல் படரும் செடிக்கு ஒப்பிடுகிறார் (49:22). பெருக்கத்தைப் பயிரிலும் நீரிலும் கண்ட பெயர் இது. இதே பெயரைத்தான் பிற்காலத்தில் நாசரேத்தூர்த் தச்சரும் தாங்கினார்.

1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளார், தமிழகம் வந்து வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்றார். நம் அரியலூர்ப் பகுதியில், கொள்ளிடத்தின் வடபுறத்து ஏலாக்குறிச்சியில் அவர் தங்கிப் பணிபுரிந்தார். அவ்வூரைத் திருக்காவலூர் என அழைத்து, அங்குள்ள அடைக்கல மாதா மீது கலம்பகமும் பாடினார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 36 படலங்களில் 3615 பாடல்களால் அவர் இயற்றிய காப்பியமே தேம்பாவணி. அதில் தலைவருக்கு அவர் சூட்டிய பெயர் வளன்.

இதன் இலக்கண நயம் எண்ணத்தக்கது. நலம் நலன் என்றும், நிலம் நிலன் என்றும், அறம் அறன் என்றும் வருவதை நீங்கள் கடைப்போலியில் படித்திருப்பீர்கள். அவ்வாறே வளம் என்பது வளன் என்றும் வரும். தமிழில் ஆண்பால் விகுதி ‘அன்’ ஆதலால், அச்சொல்லே ஓர் ஆடவர் பெயர்போலவும் ஒலிக்கிறது. நீர்வளம், நிலவளம் என்னும்போது அஃறிணையாக நின்ற சொல், ஓரெழுத்தும் கூடாமல் குறையாமல் உயர்திணைப் பெயராக உயர்ந்துவிட்டது. பொருளும் பொருந்தி, தமிழ் மரபும் பொருந்த ஒருவர் பெயரைப் பெயர்த்தல் எளிதன்று.

தேம்பாவணியின் தொடக்கத்தைப் பாருங்கள். முதலில் நாட்டுப் படலம், அடுத்து நகரப் படலம், மூன்றாவதாக வளன் சனித்த படலம். நாட்டின் வளத்தைப் பாடிய பிறகே வளனின் பிறப்பு வருகிறது. நாட்டையும் நகரையும் முதலில் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. இங்கே அம்மரபு தலைவர் பெயருக்கே முன்னுரையாய் அமைந்துவிடுகிறது.

வளம் என்பது ஆரவாரமின்றி வருவது. மழைநீர் மண்ணில் இறங்குவதும், வேர் ஓடுவதும், கதிர் பால் பிடிப்பதும் ஓசையின்றியே நிகழ்கின்றன. சூசையப்பரும் அத்தகையவரே. நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் திருக்குடும்பம் அவர் உழைப்பில் வாழ்ந்தது. பட்ட கோல் பூத்ததென்னும் மரபையொட்டி, அவர் திருவுருவின் கையில் லீலி மலர் வைக்கிறோம். அம்மலரும் இப்பெயரின் பொருளையே சொல்கிறது.

1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த கல்லூரி, தமிழில் தூய வளனார் கல்லூரி என வழங்கப்படுகிறது. ஆயினும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்பெயரிடுவோர் சிலரே. புரியாத ஒலிகளைக் கோத்துப் பெயர் வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. புனிதர் பெயர் என்றால் அயல்மொழியில்தான் இருக்கவேண்டும் என எண்ணுவோரும் உளர். அது தேவையில்லை என்பதை வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு துறவியே ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் நமக்குக் காட்டிச் சென்றார்.

மாணவியரே! உங்கள் இல்லங்களில் ஆண்மகவு பிறந்து பெயர் தேடும்போது, பெரியோர் முன் இப்பெயரையும் எடுத்துரையுங்கள். கேட்போர் பொருள் வினவினால் விளக்கிச் சொல்ல இனி உங்களால் இயலும். பெயர் சூட்டப்பெறும் பிள்ளையும், தன்னைச் சூழ்ந்தோர் வாழ்வில் ஓசையின்றி வளம் சேர்ப்பவனாய் வளர்வானாக!