அழவைக்க வேண்டாம், பேச விடுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப்செட் மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலையில் வைண்டிங் பிரிவு சூப்பர்வைசராக இருக்கிறேன். என் ஷிஃப்டில் 14 பேர். இருபது வருட அனுபவமுள்ள அண்ணன்மார், ஐ.டி.ஐ. முடித்துத் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரிந்து கிடக்கிறார்கள். சாப்பிடுவதுகூடத் தனித்தனி மேஜையில்தான். ஒருவர் செய்த பிழையை இன்னொருவர் பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. டெஸ்டிங்கில் மோட்டார் ஃபெயிலாகித் திரும்பி வரும்போதுதான் எனக்கே தெரிகிறது.

போன வருடம் எங்களை ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய் டீம் பில்டிங் நடத்தினார்கள். வட்டமாக உட்காரவைத்து, வாழ்க்கையில் மறக்க முடியாத துக்கத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்றார் பயிற்சியாளர். ஒரு பெண் தன் கணவரின் குடியைப் பற்றிச் சொல்லி அழுதாள். நாங்களும் கண்கலங்கினோம். அடுத்த வாரமே அது கேன்டீன் பேச்சாகிவிட்டது. கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். இப்போது அதையே மாதம் ஒருமுறை நான் நடத்த வேண்டும் என்கிறது நிர்வாகம். நடத்தலாமா? எப்படி நடத்துவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாக நடத்துங்கள். ஆனால் ரிசார்ட்டில் நடந்த முறையை அடியோடு விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அநியாயம். பேசச் சொன்னவர்கள், பேசியதைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்கவில்லை. முடிந்தால் அவரை ஒருமுறை கூப்பிட்டு, வருந்துகிறேன் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு இந்த வேலையைத் தொடங்குவதே முறை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'பிழையைப் பார்த்தாலும் வாய் திறப்பதில்லை' என்பது. உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக ஒத்துழைக்கும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே காரணமாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்தார். 1996இல் வெளியான ஆய்வு இது. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 'இங்கே பேசினால் நம்மை அவமானப்படுத்த மாட்டார்கள்' என்ற நம்பிக்கை இருக்கும் குழுதான் கற்றுக்கொள்கிறது என்று காட்டினார். சொந்தக் கதை பகிர்வதெல்லாம் அந்த நம்பிக்கையை உண்டாக்குவதற்காகத்தான். நட்பும் நெகிழ்ச்சியும் கூட வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் குறையில்லை.

கூகுள் நிறுவனமும் 2012இல் தொடங்கி 180 குழுக்களை ஆராய்ந்து அதே இடத்துக்குத்தான் வந்தது. அங்கே மாட் சகாகுச்சி என்ற மேலாளர், தன் குழுவினர் நிறைவாக இல்லை என்று ஒரு கருத்துக்கணிப்பில் தெரிந்ததும் அவர்களைக் கூட்டினார். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லலாம் என்று கேட்டு, முதலில் தானே பேசினார். தனக்கு நான்காம் நிலைப் புற்றுநோய் என்றார். பிறகு மற்றவர்களும் பேசினார்கள். பலர் இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். பேச்சு நேராகக் கருத்துக்கணிப்புக்குப் போனது. உங்கள் வேலை எதற்குப் பயன்படுகிறது என்பதை இனி விளக்கிச் சொல்வேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். யாராவது ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தால் கவனிப்போம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கதை சொல்லி முடித்த கையோடு வேலை செய்யும் முறை மாறியது.

நம் ஊர் நிலைமைக்கு இன்னும் பக்கமான உதாரணம் விப்ரோவில் இருக்கிறது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நிறுவனத்தின் பெருமைகளைச் சொல்லி, நிறுவனப் பெயர் பொறித்த மேலாடை கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரிடம், 'உங்களிடம் உள்ள எந்தத் தனித்தன்மையால் நீங்கள் மகிழ்ச்சியாகவும் நன்றாகவும் வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டு, அதைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வைத்தார்கள். அவர்களுடைய மேலாடையில் அவரவர் பெயரே இருந்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டாவது பகுதியினரில்தான் அடுத்து வந்த மாதங்களில் வேலையை விட்டவர்கள் குறைவு. அங்கே யாரும் யாரையும் துக்கத்தைச் சொல்லச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் கேள்வியை மாற்றுங்கள். 'இந்த வேலையில் எதை நீங்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டீர்கள்? அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது?' இந்த இரண்டு போதும்.

உங்கள் தொழிலிலேயே, ஒரு மோட்டார் பட்டறையில் நான் உட்கார்ந்து கேட்ட பேச்சைச் சொல்கிறேன். மூத்த தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு ஸ்டேட்டரின் ஸ்லாட்டிலும் விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் காயில் இறக்க விடுவார். வேண்டுமென்றே குறை தேடுகிறார் என்று இளையவர்களுக்குக் கோபம். இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: சிறு வயதில், சித்திரை வெயிலில் வீட்டுக் கிணற்று மோட்டார் கருகிவிட்டது. ரீவைண்டிங் ஆகி வருவதற்குள் தக்காளித் தோட்டம் முழுக்கக் காய்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, ஒரே ஒரு ஸ்லாட்டில் இன்சுலேஷன் பேப்பர் கிழிந்திருந்ததாம். அப்பா வாங்கிய கடனை அடைக்க இவர் பள்ளிக்கூடத்தை விட்டார். மூன்று நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டார். யாரும் அழவில்லை. ஆனால் பிறகு ஒரு பையன் ஒரு ஸ்டேட்டரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இதுல பேப்பர் ஒதுங்கியிருக்கு, பாருங்க" என்றான். உங்கள் ஷிஃப்டுக்கு வேண்டியது இதுதான்.

இனி நடைமுறை. ஷிஃப்ட் நேரத்துக்குள், சம்பள நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். டீ நேரத்தில் கை வைக்காதீர்கள். ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் பேசினால் போதும். முதல் முறை நீங்களே பேசுங்கள். எவ்வளவு தூரம் பேசலாம் என்ற அளவு அதில் தெரிந்துவிடும். 'இன்றைக்கு வேண்டாம்' என்று யாரும் காரணம் சொல்லாமல் ஒதுங்கலாம் என்பதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, கைப்பேசியைத் தொடக் கூடாது. எச்.ஆர். பதிவு செய்யக் கூடாது, அப்ரைசலில் இதன் நிழல்கூட விழக் கூடாது. இந்த இரண்டுக்கும் நிர்வாகத்திடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் அவரவர் மொழியில் பேசட்டும். மொழிபெயர்க்க அவர்களில் ஒருவரையே கேளுங்கள். கான்ட்ராக்டரின் ஆள் உட்கார்ந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதற்கு முன், எல்லோரையும் 'பையா' என்று கூப்பிடுவதை நிறுத்திப் பெயர் சொல்லி அழையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 19 அம்சப் பட்டியலில், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்வதும் ஓர் அம்சம். எட்டு நகரங்களில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அந்தப் பட்டியலைப் பயன்படுத்திய பிறகு அறுவை சிகிச்சை மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தன. பெயர் சொன்னதால் மட்டும் அது நடந்துவிடவில்லை. ஆனாலும் அவ்வளவு கவனமாகத் தயாரித்த பட்டியலில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று இடங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முதலாவது சாதி. 'எந்த ஊர்?' என்று தொடங்கும் பேச்சு, 'ஊருக்குள்ளேயா, காலனியா?' என்று போய், குலதெய்வத்தில் முடிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊர், குடும்பம், கல்யாணம், சாமி பற்றி நீங்கள் கேட்காதீர்கள், மற்றவர்களையும் கேட்க விடாதீர்கள். அவராக விரும்பிச் சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆறாத காயம். பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பதால் பயனில்லை என்றும், கட்டாயப்படுத்திச் செய்வதைக் கைவிட வேண்டும் என்றும் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு சொல்லியிருக்கிறது. யாருக்காவது குரல் உடைந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தி, பிறகு தனியாகப் போய் நலம் விசாரியுங்கள். மூன்றாவது, பணியிடத்தில் நடந்த பாலியல் தொல்லை பற்றி யாராவது சொன்னால், அதைக் கதையாகக் கேட்டுவிட்டுக் கலையாதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அந்த வழியை அவருக்குக் காட்டி, அவர் விரும்பினால் துணைக்குப் போங்கள்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், கேட்டதை வைத்து வேலையில் ஒரு சிறு மாற்றத்தையாவது முடிவு செய்யுங்கள். அப்படி எதுவும் மாறாவிட்டால், அடுத்த மாதம் பேச யாருக்கும் மனம் வராது.

நிர்வாகத்திடமும் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தொடங்கிய சில மாதங்களில் உங்கள் பிரிவில் பதிவாகும் பிழைகள் கூடலாம். இதுவரை டெஸ்டிங் வரை ஒளிந்து போனவை இப்போது வைண்டிங் மேஜையிலேயே வெளியே வருகின்றன என்று அதற்குப் பொருள். அந்தக் கணக்கைக் காட்டி யாரையும் திட்டவோ, இன்சென்டிவைக் குறைக்கவோ விடாதீர்கள். ஒருநாள் யாராவது உங்களிடம் வந்து, "மேடம், இது நான் செஞ்ச தப்பு" என்பார். கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ஸ்டேட்டரைச் சேர்ந்து பாருங்கள். அந்த ஒருவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்ற 13 பேரும் பேசலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.