கம்ப்ரஸருக்கு யார் சொல்வது?

கேள்வி: சாலை உடைக்கும் டீசல் கம்ப்ரஸரில், பிரேக்கரை நிறுத்தியதும் இன்ஜின் சத்தம் தானாகத் தணிகிறதே, எப்படி?
– வாசகர், நாமக்கல்

பதில்: காற்றே சொல்லிவிடுகிறது! பிரேக்கர் நின்றதும் காற்றுக்குப் போக வழியில்லை. டேங்க்கில் அழுத்தம் ஏறும். 7 பார் ஸ்க்ரூ கம்ப்ரஸர் என்றால், அந்த அளவைத் தாண்டியதுமே ரெகுலேட்டர் வால்வு கொஞ்சம் காற்றை ஒரு மெல்லிய குழாயில் அனுப்பும். அது காற்று உள்ளே வரும் வாயை மூடும். ஆக்சிலேட்டர் லிவரையும் பின்னுக்குத் தள்ளும். பாதிக் காற்று போதுமென்றால் பாதிதான் மூடும். மறுபடி பிரேக்கரை அழுத்தினால் அழுத்தம் இறங்கி, வாய் திறந்து, இன்ஜின் வேகமெடுக்கும்.

வேலை நின்றும் இன்ஜின் உறுமினால், முதலில் அந்த மெல்லிய குழாயைப் பாருங்கள். கசிவோ தண்ணீர் அடைப்போ இருந்தால் சரிசெய்யுங்கள், டீசல் மிச்சமாகும்.