சன்னலோரக் கீரையும் நோயாளியின் வீடும்

உணவு ஆலோசனை முடிந்து எழும் வேளையில் குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடைக் கீரையில் பூச்சிமருந்து அடித்திருப்பார்களே, வீட்டிலேயே கொஞ்சம் வளர்த்துக் கொடுக்கலாமா?" கொடுக்கலாம். ஆனால் எந்தச் செடி, எந்தச் சன்னல், யார் கை, எந்த நோயாளி ஆகிய நான்கையும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் இரண்டில் தவறினால் செடிதான் வாடும். பின் இரண்டில் தவறினால் நோயாளிக்கே தீங்கு நேரலாம்.

தமிழ்நாட்டில் நகர வீடுகளில் காய்கறி வளர்ப்பதை அரசே ஊக்குவித்துவருகிறது. தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் மருந்து ஆகியவை அடங்கிய தளைகள் மானிய விலையில் வழங்கப்பட்டன. திட்டம் நல்லதே. எனினும் அது மொட்டைமாடியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாடகைக்குக் குடியிருப்போரில் பலருக்கு மொட்டைமாடியின் சாவி வீட்டு உரிமையாளரிடம் இருக்கும். சாவி கிடைத்தாலும், இதய நோயாளியோ முழங்கால் அறுவை செய்துகொண்டவரோ அன்றாடம் படியேற முடியாது. ஆதலால் நமக்கு எஞ்சுவது சன்னல் விளிம்பும் பால்கனிக் கம்பியுமே.

வெளிநாட்டு நூல்கள் தெற்குச் சன்னலே சிறந்தது என்று கூறும். அது வட நாடுகளுக்கு உரிய விதி. சென்னை 13 பாகை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, பின்னர் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சற்றே வடக்கில் நிற்கிறது. அம்மாதங்களில் தெற்குச் சன்னலில் நேர்வெயில் விழுவதே அரிது. மார்கழியிலோ நண்பகலில்கூட சூரியன் தெற்கே ஏறத்தாழ 53 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அப்போது அதே சன்னல் வழியே வெயில் தரைவரை நீளும். கிழக்குச் சன்னலுக்கு ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. வாய்ப்பிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். மேற்குச் சன்னலின் கோடை மாலை வெயில் இளந்தளிரைக் கருக்கிவிடும். அங்கே பழைய பருத்திப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டலாம். திசை தெரியாவிட்டால் காலை பத்து மணிக்குச் சன்னலோரத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். நிழலின் ஓரம் தெளிவாக இருந்தால் கீரை வளரும். மங்கலாக இருந்தால் புதினா பிழைக்கும். நிழலே விழாவிட்டால் முயற்சி வேண்டாம்.

தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேர நேர்வெயில் தேவை. சன்னலுக்குள் அவை கொடியாக நீளுமே தவிரக் காய்க்கா. தொடங்குவதற்கு உகந்தது வெந்தயக்கீரை. அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பா போதும். மளிகைக்கடை வெந்தயம் இரண்டு தேக்கரண்டியை இரவில் ஊறவைத்து மறுநாள் தூவினால் மூன்று நான்கு நாளில் முளைக்கும். பதினைந்து முதல் இருபது நாளில் கிள்ளலாம். விதைக்கடையில் வண்ணப்பூச்சுடன் விற்கும் விதை பூஞ்சைக்கொல்லி கலந்தது. இளந்தளிராகவே உண்ணப்போகும் கீரைக்கு அது ஆகாது. கொத்தமல்லி விதையை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். முளைக்க எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். ஆறாம் நாளே பொறுமை இழந்து தொட்டியைக் கவிழ்த்துவிடுவோர் பலர். சந்தையில் வாங்கிய புதினாவின் தடித்த தண்டுகளைத் தண்ணீரில் நிறுத்தினால் வேர்விடும். நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். கற்பூரவல்லிக்குக் குச்சி ஒன்று போதும். அது தண்ணீர் குறைந்து சாவதைவிட மிகுந்து சாவதே அதிகம்.

சாலையோரத்திலிருந்தோ தொழிற்சாலைப் பகுதியிலிருந்தோ மண் அள்ளிவராதீர்கள். அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில் இதை இருமுறை சொல்ல வேண்டும். மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் கலந்திருந்தால் கீரை அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். கழுவினாலும் சமைத்தாலும் அவை நீங்கா. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவை எடை குறைந்தது, சன்னலுக்கு ஏற்றது. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. தேநீர் நிறத்தில் வடியும் நீர் தெளியும்வரை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் அதில் உப்பு செறிந்திருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கண்டால் அதை நிறுத்திவிடுங்கள்.

இனி, மண்ணைத் தொடுவது யார் என்பதைப் பார்ப்போம். புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்வோர் ஆகியோர் உரக்கலவையைக் கிளறுதல் கூடாது. அதன் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். தளையில் வரும் உயிர் உரத்தூளும் உயிருள்ள நுண்ணுயிர்களே. இவர்கள் படுக்கும் அறையில் தொட்டியோ, வேர்விடும் புதினாக் குவளையோ வைக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை. மெலியாய்டோசிஸ் என்னும் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தமிழ்நாட்டிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. அதற்கு ஆளாவோரில் நீரிழிவு நோயாளிகளே மிகுதி. கையிலோ காலிலோ புண் இருந்தால் அது ஆறும்வரை தொட்டிவேலை வீட்டிலுள்ள மற்றவருக்கு உரியது. புண் இல்லாதபோதும் கையுறை அணியுங்கள்.

உண்பதிலும் நோய்க்கு நோய் வேறுபாடு உண்டு. முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாக உண்பது நலம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே ஈ.கோலி கிருமி பரவி ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர், 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விதையோடு வரும் கிருமி, முளைக்கும் ஈரத்திலும் வெப்பத்திலும் பல்கிப் பெருகுகிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தோர், கர்ப்பிணிகள், முதியோர், சிறு குழந்தைகள் முளைகளை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

கீரைகளில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் பெறுவோருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். எனினும் எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியலாளரே சொல்ல வேண்டும். செயற்கை இதய வால்வு போன்ற காரணங்களுக்காக வார்ஃபரின், அசெனோகுமரால் ஆகிய இரத்தம் உறையாத்தன்மை மருந்துகளை உட்கொள்வோருக்குக் கீரை விலக்கப்பட்டதன்று. ஆனால் கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைத் தணிக்கும். வாரத்துக்கு ஒருமுறை உண்டவர், தொட்டி தழைத்துவிட்டதே என்று ஒரு வாரம் நாள்தோறும் உண்டால் இரத்தப் பரிசோதனை அளவு மாறிவிடும். விளைச்சல் மிகுந்தால் பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டைக் கவனியுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அத்தகைய சிறு நீர்த்தேக்கத்திலேயே முட்டையிடும். அம்முட்டைகள் உலர்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். செடிகள் இரவில் நச்சுக்காற்றை வெளிவிடும் என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. இரண்டு தொட்டிகள் வெளிவிடும் கரியமிலவாயு, அதே அறையில் உறங்கும் ஒருவர் வெளிவிடுவதைவிட மிகமிகக் குறைவு. துளசி இரவிலும் பிராணவாயு தரும் என்று சொல்லப்படுவதற்கும் ஆதாரம் இல்லை.

ஒரு டப்பா வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் ஒருவேளைக் கூட்டுக்கு ஆகும், அவ்வளவே. கடைக் கீரையை நிறுத்திவிட முடியாது. அதை ஓடும் நீரில் பலமுறை அலசிச் சமைப்பது தொடர வேண்டும். மூன்று டப்பாக்களில் வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால் எப்போதும் ஒன்று கிள்ளும் நிலையில் இருக்கும். மண்ணைத் தொடக்கூடாத நோயாளி, விதைத்த நாளையும் கிள்ளிய நாளையும் நாட்காட்டியில் குறித்துவைக்கலாம். உறையாத்தன்மை மருந்து உட்கொள்வோரும் சிறுநீரக நோயாளிகளும் அடுத்த ஆலோசனைக்கு வரும்போது அந்த நாட்காட்டித் தாளையும் கொண்டுவாருங்கள்.