திருத்திய நூல் யாருடையது?

பள்ளி விழாவுக்காகப் பழைய நாடகம் ஒன்றைத் திருத்தினோம். "இனி இது நம்முடையதுதானே?" என்றாள் தோழி ஒருத்தி. விடை தேடினோம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் அச்சிடலாம். அவற்றைச் செப்பனிட்டு வெளியிட்டுவந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி, தன் பதிப்பைப் பிறர் குறுந்தகடுகளில் நகலெடுத்தனர் என்று வழக்காடியது. எழுத்துப்பிழை நீக்கும் உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது என 2007இல் அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. (மலருக்காகப் பிழைதிருத்தும் எங்களுக்குச் சற்று வருத்தந்தான்!) பொருளறிந்து பத்தி பிரித்து எண்ணிட்டதற்கும், சொந்தமாக எழுதிய தலைக்குறிப்புகளுக்கும் உரிமை உண்டு. மூலத் தீர்ப்போ முன்போலவே பொதுச்சொத்து.

எங்கள் நாடகத்தில் புதிய காட்சிகள் இரண்டு. அவை மட்டுமே எங்களுடையவை. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகவில்லை. எனவே அவர் குடும்பத்தாருக்கு இசைவு கேட்டு எழுதியிருக்கிறோம். ஒத்திகை நிற்கிறது.