முன்வரிசையா, பின்வரிசையா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு தோலின் எல்லாப் பகுதியும் ஒரே தரமாக இருப்பதில்லை. முதுகுப் பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும். ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டுபவர் இறுக்கமான தோலை ஷூவின் முன்பாகத்துக்கு ஒதுக்குவார். தளர்ந்த தோல் கண்ணில் அதிகம் படாத இடத்துக்குப் போகும். நல்ல தோல் கொஞ்சம்தான். அதை எங்கே வைப்பது என்பதே அவருடைய கணக்கு.

கால்பந்து அணி அமைப்பவருக்கும் இதே தொல்லைதான். கையிலுள்ள பணம் நல்ல ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான் போதும். கோல் போடுபவரைச் சேர்ப்பதா, கோல் விழாமல் காப்பவரைச் சேர்ப்பதா?

20 ஆட்டங்களில் 30 கோல் போட்டு, 30 கோல் வாங்கிய அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. கோல்கள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக விழுகின்றன என்று கொண்டால், பாய்சான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் சூத்திரப்படி இந்த அணிக்குச் சராசரியாக 27½ புள்ளி கிடைக்கும்.

இப்போது முன்வரிசையைப் பலப்படுத்தி 40 கோல் போடச் செய்யுங்கள். புள்ளி ஏறத்தாழ 34 ஆகும். அதற்குப் பதிலாகப் பின்வரிசையைப் பலப்படுத்தி, வாங்கும் கோலை 20 ஆகக் குறையுங்கள். புள்ளி 34½! வெற்றி வாய்ப்பு இரண்டிலும் 100க்கு 49தான். தோல்வி மட்டும் 29, 25 என்று மாறுகிறது. காரணம் என்ன? கோல்கள் குறைவாக விழும் ஆட்டத்தில் ஒரு கோலின் எடை கூடுகிறது.

நடந்த கதை ஒன்றையும் பாருங்கள். 2018-19 ஐ-லீக் போட்டியில், கோவை நேரு விளையாட்டரங்கில் ஆடிய சென்னை சிட்டி அணி 20 ஆட்டங்களில் 48 கோல் போட்டு 28 வாங்கியது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 37 போட்டு 20 மட்டுமே வாங்கியது. புள்ளிகள் 43, 42. சென்னை சிட்டி ஒரே புள்ளியில் கோப்பையை வென்றது. 11 கோல் கூடுதலாகப் போட்டதும், 8 கோல் குறைவாக வாங்கியதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நின்றன, பார்த்தீர்களா?

அப்படியானால் எதைச் செய்தாலும் ஒன்றா? இல்லை. சென்னை சிட்டியின் 48 கோலில் 21 கோல் பெட்ரோ மான்சி ஒருவருடையது. முன்வரிசையில் ஒருவர் அணியையே தூக்கிவிடலாம். பின்வரிசை அப்படியன்று. நால்வரில் மூவர் கெட்டிக்காரராக இருந்தாலும் எதிரணி நான்காமவர் பக்கமே பந்தைக் கொண்டுபோகும். (ஷூவில் ஒரு தையல் விட்டால் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தானே நுழைகிறது!) ஆகவே முன்னே ஒரு சிறந்தவரையும், பின்னே மிகப் பலவீனமானவருக்கு ஒரு மாற்றாளையும் தேடுவது நல்லது என்பது என் எண்ணம். எந்த வேலை முதலில் என்பது அணிக்கு அணி மாறும். 20 ஆட்டத்தில் 10 கோலே வாங்கும் அணி அதற்குமேல் எவ்வளவுதான் குறைக்க முடியும்? பூச்சியத்துக்குக் கீழே கோல் இல்லையே.

உங்கள் பள்ளி அணி கடைசியாக ஆடிய பத்து ஆட்டங்களின் கோல்களை நோட்டில் எழுதுங்கள். வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் எதிரணி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.