ஸ்கீமா எங்கே இருக்கிறது? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜனக்புரியில் டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களுக்கு, கோடை விடுமுறை என்றாலே ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கும் கவலைதான். அந்த முன்பதிவெல்லாம் டெல்லியில் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1985-ல் புது டெல்லியில் சோதனையாகத் தொடங்கிய கணினி முன்பதிவு, பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று தனித்தனி மையங்களாக வளர்ந்தது. ரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் உருவாக்கிய 'கான்செர்ட்' மென்பொருள் 1999-ல் இந்த ஐந்தையும் இணைத்தது. தரவு ஐந்து ஊர்களில்; கவுண்டரில் நிற்பவருக்கு ஒரே அமைப்பு.

இப்படிப் பிரிந்து கிடக்கும் தரவுத்தளத்தில் பயணி விவரத்தோடு புதிதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த டேபிளில் எந்தெந்தப் பத்திகள், எது எண், எது தேதி என்று வரையறுப்பதுதான் ஸ்கீமா. அது மாறியதை எல்லா சர்வர்களும் எப்படித் தெரிந்துகொள்கின்றன? அனுபவசாலிகளிடமும் இதைப் பற்றித் தவறான எண்ணங்கள் உண்டு.

நம்பிக்கை: கசாண்ட்ரா போன்ற தரவுத்தளங்களில் ஸ்கீமாவே கிடையாது.

உண்மை: உண்டு. ஃபேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கி, 2008-ல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்த கசாண்ட்ராவில், டேபிள்களின் வரையறையும் டேபிள்களிலேயே சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு சர்வரும் அதன் முழுப் பிரதியைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அந்த வரையறையிலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாள எண்ணை, நொடிக்கொரு முறை மற்ற சில சர்வர்களோடு பரிமாறிக்கொள்கிறது. எண் வேறுபட்டால் வரையறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்த முறையில் தலைவர் என்று யாரும் இல்லை. ஆபத்தும் அதில்தான். இரண்டு சர்வர்களில் ஒரே நேரத்தில் ஒரே பெயரில் டேபிள் உருவாக்கினால் இரண்டு உள் அடையாளங்கள் பிறந்துவிடலாம். ஒன்றில் எழுதிய தரவு மற்றதில் தெரியாது. ஆகவே ஸ்கீமா மாற்றங்களை ஒரே இடத்திலிருந்து, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்; எல்லா சர்வர்களும் ஒத்துப்போன பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். மாற்றங்களை ஒரே வரிசைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை கசாண்ட்ரா குழுவே பின்னாளில் கையில் எடுத்தது.

நம்பிக்கை: கட்டளை கொடுத்த கணமே எல்லா சர்வர்களும் மாறிவிடும்.

உண்மை: சேவையை நிறுத்தாமல் இது நடக்காது. கூகுளின் விளம்பரத் தொழிலைத் தாங்கிய எஃப்1 தரவுத்தளத்தின் பொறியாளர்கள் 2013-ல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்கியது. தேடலை வேகமாக்கும் புதிய இண்டெக்ஸ் ஒன்றைச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதை அறிந்த சர்வர் ஒரு வரிசையை இண்டெக்ஸோடு சேர்த்து எழுதுகிறது. அறியாத சர்வர் அந்த வரிசையை மட்டும் நீக்குகிறது. டேபிளில் இல்லாத பயணி ஒருவர் இருப்பதாக இண்டெக்ஸில் பதிவு நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தரவு சத்தமில்லாமல் கெடும்.

எல்லோரையும் ஒரே நொடியில் மாற்றும் முயற்சியையே எஃப்1 கைவிட்டது. எந்த நேரத்திலும் அடுத்தடுத்த இரண்டு பதிப்புகள் மட்டுமே புழக்கத்தில் இருக்கலாம் என்று வரம்பு வைத்தது. ஸ்கீமாவை ஒவ்வொரு சர்வரும் ஒரு குத்தகைக் காலத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம்; அது முடிந்தும் புதுப்பிக்க முடியாத சர்வர் வேலையை நிறுத்திவிடும். இண்டெக்ஸ் முதலில் நீக்கங்களை மட்டும் ஏற்கும். பிறகு எழுதுவதையும் ஏற்கும். பழைய வரிசைகளை நிரப்பிய பின்னரே வினவல்களுக்குத் திறக்கும். பக்கத்துப் பக்கத்து நிலைகளில் உள்ள இரண்டு சர்வர்கள் ஒன்றின் தரவை ஒன்று கெடுக்க முடியாது. காக்ரோச்டிபி, டைடிபி ஆகிய இரண்டு தரவுத்தளங்களும் பின்பற்றுவது இந்த வழியைத்தான். பரவல் தரவுத்தளங்களில் நான் மிகவும் மதிக்கும் யோசனை இது.

நம்பிக்கை: பெரும்பான்மை சர்வர்கள் ஒத்துக்கொண்ட மாற்றத்தையே ஏற்கும் ராஃப்ட் போன்ற ஒருமித்த முறை இருந்தால் பழைய ஸ்கீமா எங்கும் தங்காது.

உண்மை: யுகபைட்டிபி என்ற பரவல் தரவுத்தளத்தில் ஸ்கீமாவின் மூலப்பிரதி மாஸ்டர் சர்வர்களில், ராஃப்ட் வழியாகப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வினவல்களைக் கையாளும் சர்வர்கள் அதன் நகலைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன; ஒவ்வொரு வினவலுக்கும் மாஸ்டரைக் கேட்டால் வேகம் போய்விடும். நகல் பழையது என்று பதிப்பு எண் காட்டிக்கொடுத்தால் 'பதிப்பு பொருந்தவில்லை' என்ற பிழை வரலாம். அதைக் கண்டு பலர் தரவுத்தளம் பழுதாகிவிட்டது என்று பதறுகிறார்கள். அந்தப் பிழைதான் பழைய வரையறையில் எழுதவிடாமல் தடுத்தது. உங்கள் நிரலில் அந்தப் பரிவர்த்தனையை மறுபடி தொடங்கும் வழியை வைத்திருங்கள். நகல் புதுப்பிக்கப்பட்டதும் அது நிறைவேறிவிடும்.