துணைவரோடு தோட்டப்புறம் வரும் இளம் வழக்கறிஞர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சட்டத்தொழிலில் இரண்டு மூன்று ஆண்டுகள் பழகிய ஒரு பெண், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரையோ செம்பனைத் தோட்டத்தில் துணை நிர்வாகியாக இருக்கும் ஒருவரையோ மணந்து, அவருடைய உத்தியோகத்தை முன்னிட்டுக் கோலசிலாங்கூருக்கோ, பெஸ்தாரி ஜெயாவுக்கோ, இன்னும் வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கமோ குடிவர நேர்ந்தால், வாழ்த்துச் சொல்ல வரும் உறவினர் பலரும் "இனி உன் படிப்பு என்னாவது?" என்ற விசாரத்தையும் உடன் கொண்டுவருகிறார்கள். மனைவிக்கு மாற்றல் கிடைத்து, வழக்கறிஞரான கணவன் உடன்வரும் குடும்பங்களில் இவ்விசாரம் பன்மடங்கு கடுமையாகிறது. அன்பினால் பிறக்கும் கேள்விதான். ஆயினும் அதற்கு ஆதாரமாக நிற்கும் நம்பிக்கைகளில் பல சட்டத்தோடும் இவ்வட்டாரத்தின் நடைமுறையோடும் பொருந்தாதவை. அவற்றை நம்பித் தொழிலைக் கைவிடுவோரும், வேறு சிலவற்றை நம்பிச் சங்கடத்தில் அகப்படுவோரும் உண்டாதலின், இங்கே அவற்றை விசாரிப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை: "மாநிலம் மாறினால் மறுபடியும் பதிவு செய்துகொள்ள வேண்டும்."

வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டப்படி மலாயா உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்கப்பட்டவர் தீபகற்பத்தின் 11 மாநிலங்களிலும் கோலாலம்பூரிலும் எவ்விடத்திலும் தொழில் நடத்தலாம். எந்த மாநிலத்து வழக்கறிஞர் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பது தொழில் நடத்தும் இடத்தைப் பொறுத்ததாதலால், இவ்வட்டாரத்துக்கு வருபவர் ஷா ஆலமில் இயங்கும் சிலாங்கூர் அமைப்பின் கீழ் வந்துவிடுகிறார். சபாவும் சரவாக்கும் வேறு. அவ்விரண்டுக்கும் தனிச் சட்டங்களும் தனிப் பதிவேடுகளும் இருப்பதால், கூச்சிங்கில் தொழில் நடத்திய ஒருவர் அதே தகுதியைக் கொண்டு கோலசிலாங்கூர் நீதிமன்றத்தில் நிற்க இயலாது.

ஆண்டுதோறும் பெறவேண்டிய தொழில் சான்றிதழ் டிசம்பர் 31-இல் காலாவதியாகிறது. குடித்தனம் மாற்றும் பரபரப்பில் அதைப் புதுப்பிக்கத் தவறியவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடுவதில்லை. ஆகவே ஓராண்டு வீட்டிலிருந்தால் பட்டமே போயிற்று என்று கலங்குவது வீண். ஆனால் சான்றிதழ் இல்லாத காலத்தில், அண்டை வீட்டாருக்கு உபகாரமாக ஒரு விற்பனைப் பத்திரம் எழுதி, அதற்குக் கட்டணமும் பெற்றுக்கொள்வது சட்டப்படி குற்றமாகும். "பெயர்தான் பதிவேட்டில் இருக்கிறதே" என்ற சமாதானம் அங்கே உதவாது.

நம்பிக்கை: "அந்தப் பக்கம் வக்கீலுக்கு வேலை ஏது?"

இதுவே எல்லாவற்றிலும் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. ஆதலின் சற்றே விரிவாகப் பேச வேண்டும். கோலசிலாங்கூரில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் உண்டு, மாவட்ட நில அலுவலகம் உண்டு. சபாக் பெர்ணம் மாவட்டத்திலும் அவ்வாறே. முதல்தர மாஜிஸ்திரேட் ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான உரிமை வழக்குகளை விசாரிக்க அதிகாரம் பெற்றவர். உயர் நீதிமன்றத்தின் பொருட்டு ஷா ஆலம் செல்ல வேண்டியிருப்பது மெய்யே. ஆனால் ஆவணங்களை மின்முறையில் தாக்கல் செய்யும் வழக்கம் நிலைபெற்று, 2020-இல் சட்டத் திருத்தத்தினால் காணொளி விசாரணைக்கும் இடம் தரப்பட்ட பின்னர், ஒவ்வொரு தவணைக்கும் காலைப்பொழுது முழுவதையும் சாலையில் கழித்த பழைய நிலைமை பெரிதும் தளர்ந்திருக்கிறது.

நிலம் வாங்குதல், விற்றல் ஆகியவற்றுக்கான கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி முதல் ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு நூற்றுக்கு ஒன்றேகால் வீதம் என்பது தீபகற்பம் முழுவதற்கும் பொதுவான விகிதம்; நான்கு லட்சம் ரிங்கிட் வீடு புக்கிட் ரோத்தானில் இருந்தாலும் தலைநகரில் இருந்தாலும் அவ்விகிதப்படி கட்டணம் 5,000 ரிங்கிட்தான். வீட்டு விலை இங்கே குறைவு, ஆகவே ஒரு பத்திரத்துக்குக் கிடைப்பதும் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; அலுவலக வாடகையும் குறைவு என்பதையும் உடன் எண்ண வேண்டும்.

இனி, வாரிசுரிமை. தாத்தா பெயரிலேயே இன்னமும் நிற்கும் நிலப் பட்டாக்கள் இவ்வட்டாரக் குடும்பங்களில் அபூர்வமல்ல. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் எல்லாம் மனைவிக்கே என்று ஒரு வீட்டிலும், மூத்த மகனுக்கே என்று அடுத்த வீட்டிலும் உறுதியாகச் சொல்வார்கள், இரண்டும் தவறு. முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி, பெற்றோரும் மனைவியும் மக்களும் உயிரோடிருந்தால் பெற்றோருக்குக் காற்பங்கு, மனைவிக்குக் காற்பங்கு, மக்களுக்கு அரைப்பங்கு. பெற்றோர் இல்லையெனில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மக்களுக்கு மூன்றில் இரண்டு. சிறு சொத்துகளை உயர் நீதிமன்றம் ஏறாமல் மாவட்ட நில அலுவலகத்திலேயே பகிர்ந்துகொள்ள 1955-ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்திருக்கிறது. வாரிசுகள் தாமே மனுச் செய்யலாம். ஆயினும் மூன்று தலைமுறை மரணச் சான்றிதழ்களைத் தேடிச் சேர்த்து, பெயர் எழுத்துப் பிழைகளுக்குச் சத்தியக் கடுதாசி தயாரித்து, பிணங்கி நிற்கும் சகோதரர்களை ஒரு மேசைக்கு அழைத்துவர, அவர்கள் மொழியறிந்த ஒருவர் துணை பெரிதும் வேண்டியிருக்கிறது.

தோட்டங்களின் கதை இதனினும் கனமானது. இந்நாட்டில் செம்பனை வாணிபப் பயிராக முதன்முதல் நடப்பட்டதே, பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்னர் வழங்கிய பெஸ்தாரி ஜெயாவின் அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டு. ரப்பரும் செம்பனையும் வளர்ந்த மண்ணில் வீடமைப்புத் திட்டங்கள் எழத்தொடங்கியதும், லயங்களில் பிறந்து லயங்களிலேயே முதுமையடைந்தவர்கள் ஒரே சமயத்தில் வேலையையும் வீட்டையும் இழக்கும் நிலை ஏற்பட்டது. இது புதிதன்று; ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் பரவியபோது, அதற்கு மறுமொழியாகத்தான் அந்நாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற அதற்குரிய வாரியத்தின் அனுமதியை வேண்டுகிறது. ஆட்குறைப்பு நேர்ந்தால், 1980-ஆம் ஆண்டின் விதிகள், ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் கொடுக்கச் சொல்கின்றன. நியாயமின்றி நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அறுபத்தோராம் நாள் வந்தால் கதவு அடைபட்டது. இத்தகைய சட்டங்கள் புத்தகத்தில் இருந்தும், அவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லாத காரணத்தாலேயே பயனற்றுப் போன உரிமைகள் இத்தோட்டப்புறத்தில் எத்தனையோ! பிறப்புப் பத்திரம் இல்லாமலும் நிரந்தர வசிப்பாளருக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடும் காலந்தள்ளும் முதியோரின் துயரத்தையும் இதனோடு சேர்க்க வேண்டும். குடியுரிமை மனுக்களை எழுதிப் பழகிய இளைஞர் ஒருவர் இவர்களுக்குச் செய்யக்கூடிய உபகாரத்துக்கு அளவில்லை.

இதெல்லாம் தருமமாயிற்றே, ஜீவனத்துக்கு என்ன வழி என்று கேட்பது நியாயமே. ஒரு பகுதி தருமந்தான், முழுவதும் அன்று. 2012-இல் செயற்படத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், கைது, தடுப்புக்காவல், ஜாமீன் ஆகிய கட்டங்களில் ஏழைகளுக்காக நிற்கும் வழக்கறிஞர்களுக்கு வழக்குக்கு இவ்வளவென்று ஊதியம் தருகிறது. தொகை சிறிது, ஆனால் தலைநகரத்துப் பெரிய நிறுவனத்தில் மூத்தவரின் கோப்பைச் சுமந்தே ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞருக்குக் கிட்டாத ஒன்று, அதாவது நீதிபதி முன்னிலையில் தாமே எழுந்து பேசும் பழக்கம், இங்கே முதலாண்டிலேயே கிட்டுகிறது. ஈப்போவில் இருந்துகொண்டே நாடறிய விளங்கிய வழக்கறிஞர்களான சீனிவாசகம் சகோதரர்களை நினைத்தால், பெயர் பெறத் தலைநகரவாசம் இன்றியமையாதது என்ற எண்ணம் நிற்காது.

ஓர் எச்சரிக்கை. நீதிமன்ற மொழி மலாய். இங்கிலாந்துப் பட்டம் பெற்று ஆங்கிலத்திலேயே பழகியவர், மனுவெழுதும் அளவுக்கு மலாயைச் செப்பனிட்டுக்கொள்ளாமல் மாவட்ட நீதிமன்றத்துக்கு வருவது உசிதமன்று.

நம்பிக்கை: "தோட்டக் கம்பெனியில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் வழக்கும் நடத்தலாம்."

கணவர் வேலை செய்யும் கம்பெனியிலேயே இடம் கிடைத்துவிட்டால் நல்லதுதானே என்று பெரியோர் ஆலோசனை சொல்வதுண்டு. மாதச் சம்பளம் நிச்சயம். அதில் இழிவேதும் இல்லை. ஆனால் வழக்கறிஞராக அன்றி வேறொருவரிடம் சம்பளத்துக்கு உத்தியோகம் பார்ப்பவர் தொழில் சான்றிதழ் பெறுவதைச் சட்டத்தொழில் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றே கிட்டும். இதில் இன்னொரு கணக்கும் அடங்கியிருக்கிறது: ஒரு பயிற்சி மாணவரைத் தம்மிடம் வைத்துக்கொள்ள ஏழாண்டுத் தொழில் அனுபவம் தேவை, கம்பெனியில் கழிந்த ஆண்டுகள் அவ்வேழில் சேரா. பிற்காலத்தில் சொந்த அலுவலகம் வைத்து இளைஞரைப் பயிற்றும் ஆசையுள்ளவர் இதை இப்போதே சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.

நம்பிக்கை: "துணைவருக்காக வந்தேன் என்று நேர்முகத்தில் சொல்லக்கூடாது."

சொல்ல வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். பட்டணத்து நிறுவனத்தார் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடும். சிற்றூரில் மூன்று நான்கு பேரை வைத்து அலுவலகம் நடத்தும் மூத்த வழக்கறிஞரின் கவலையோ வேறு. பயிற்றிய இளைஞர் ஓராண்டில் கோலாலம்பூருக்குப் பறந்துவிடுவாரோ என்பதே அது. குடும்பத்தோடு இங்கே வேரூன்ற வந்திருக்கிறேன் என்ற வார்த்தையைவிட அவருக்கு உறுதியளிக்கும் சிபாரிசு வேறில்லை. துணைவரின் மாற்றல் இரண்டாண்டுக்கே என்றால், அதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

நம்பிக்கை: "தமிழ்நாட்டில் வக்கீலாக இருந்த மருமகள் இங்கே வந்ததும் கோர்ட்டுக்குப் போகலாம்."

போக இயலாது. மலேசியக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இருத்தல் வேண்டும். இந்நாடு ஏற்கும் சட்டத் தகுதி வேண்டும். மலாய்த் தேர்ச்சி வேண்டும். ஒன்பது மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். திருமணப் பேச்சின்போதே இவ்வுண்மையை அப்பெண்ணுக்குத் தெரிவிக்காமல் விடும் குடும்பங்கள் அவருக்கு இழைப்பது பேரநீதி.

அவ்வொன்பது மாதப் பயிற்சியை இன்னும் முடிக்காத நிலையில் துணைவரோடு இங்கு வந்து சேரும் சட்டப் பட்டதாரிகள்தாம் மிகுதியும் தத்தளிக்கிறார்கள். ஏழாண்டு அனுபவமுடைய குரு கிடைக்காமல், பயிற்சிக்காக வேறூரில் தனித்துத் தங்குவதா, பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதா என்ற இரண்டு வழிகளே அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கோலசிலாங்கூரிலும் ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் அலுவலகம் நடத்தும் மூத்த வழக்கறிஞர்களே, அப்படி ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், இடமில்லை என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரு மேசையும் நியாயமான உதவித்தொகையும் கொடுத்து ஒன்பது மாதம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.